காற்றே இல்லாத நாளில் கடல் ஏன் ஏறுகிறது? கடலலையைக் கணக்கில் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

கோடை நாள் ஒன்றில் நாகர்கோவிலுக்குத் தெற்கே சொத்தவிளைக் கடற்கரையில் நின்றிருந்தேன். பனையோலை கூட அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல வழுவழுப்பாகக் கிடந்தது. ஆனாலும் நிமிடத்துக்கு மூன்று முறை ஒரு நீண்ட அலை எழும்பி, மணல்மேட்டைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த இடம்வரை ஏறி இறங்கியது. வலையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "காத்து இல்ல மக்கா, ஆனா கடல் ஏறுது பாரு. கள்ளக்கடல்."

கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் கள்ளக்கடல். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீனவர்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் இந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இழுத்துச் சென்றதும் இப்படி ஒரு கடல்தான். எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஆனால் வெயில் அடிக்கும் ஒரு காலை நேரத்தில், தூரத்தில் எங்கோ அடித்த புயலின் அலை வந்துகொண்டிருக்கிறது என்பதை யாருக்கும் மனதில் பதியும்படி சொல்வது எளிதல்ல.

கணக்கால் அதைச் சொல்ல முடியும். இந்த வழிகாட்டியில் அந்த அலையையே எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்திலிருந்து மணலில் ஏறும் வரை படிப்படியாகக் கணக்குப் போடப்போகிறோம். பிளஸ் டூ கணிதம் போதும். முதல் ஐந்து படிகளுக்கு ஒரு எக்செல் தாள் இருந்தால் சரி. ஆறாவது படிக்குப் பைத்தான் இருந்தால் வசதி.

படி 1: எதை அளப்பது

ஓர் அலைக்கு முக்கியமான அளவுகள் நான்கு. அகட்டிலிருந்து முகடு வரை உள்ள உயரம். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள அலைநீளம். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆகும் நேரம், அதாவது அலைக்காலம். அப்புறம் அந்த இடத்தில் நீரின் ஆழம்.

உயரத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது அலைக்காலத்தை. காரணம் இருக்கிறது. அலை பயணம் செய்யும்போது அதன் உயரம் மாறும், நீளம் மாறும், வேகம் மாறும், திசையும் மாறும். அலைக்காலம் மட்டும் பிறந்த இடத்திலிருந்து கரை வரை அப்படியே இருக்கும். புயல் அதற்குக் கொடுத்த முகவரிச் சீட்டு அது.

அளப்பதும் எளிது. கரையில் பாதுகாப்பான உயரத்தில் நின்று, அலை உடையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று வெளியே அசையாத ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள்; நங்கூரமிட்ட வள்ளம், பாறை, எதுவானாலும் சரி. ஒரு முகடு அதைக் கடக்கும்போது கைப்பேசியில் நேரத்தைத் தொடங்குங்கள். அந்த முகடு பூஜ்யம், அடுத்தது ஒன்று என்று எண்ணி, பத்தாவது கடக்கும்போது நிறுத்துங்கள். வந்த விநாடிகளைப் பத்தால் வகுத்தால் அலைக்காலம். முதல் முகட்டை ஒன்று என்று எண்ணிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. விடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

பக்கத்துக் காற்று எழுப்பிய அலைக்குப் பொதுவாக 4 முதல் 8 விநாடி வரும். 15 விநாடிக்கு மேல் வந்தால் அது தூரத்துச் சரக்கு.

படி 2: நீருக்கு விதி எழுதுவது

எந்த மாதிரியும் சில விஷயங்களை விட்டுக்கொடுத்துத்தான் தொடங்கும். நாம் விட்டுக்கொடுப்பவை இவை: நீர் அமுங்காது, அதற்குப் பிசுபிசுப்பு இல்லை, உள்ளே சுழல் இல்லை. இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டால் நீர்த்துளி ஒவ்வொன்றின் வேகத்தையும் ஒரே ஒரு சார்பின் சரிவாக எழுதிவிடலாம். உள்ளே வரும் நீரும் வெளியேறும் நீரும் சமம் என்பதைச் சொல்லும் லாப்லாஸ் சமன்பாட்டுக்கு அந்தச் சார்பு உட்பட்டது.

சமன்பாடு மட்டும் போதாது, எல்லைகளையும் சொல்ல வேண்டும். அடியில், நீர் தரைக்குள் புக முடியாது. மேலே, மேற்பரப்பில் இருக்கும் துளி மேற்பரப்போடே நகரும். மேற்பரப்பில் எங்கும் அழுத்தம் காற்றின் அழுத்தம்தான். சிக்கல் மேலேதான் இருக்கிறது: மேற்பரப்பு எங்கே என்பதே நமக்குத் தெரியாது, அதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம். தெரியாத இடத்தில் நிபந்தனை எழுத வேண்டியிருக்கிறது.

1840-களில் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஏய்ரி இதற்குக் கையாண்ட வழி இன்றும் எல்லா அலைக் கணக்குக்கும் அடித்தளம். அலையின் உயரம் அதன் நீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆகவே மேல் நிபந்தனைகளை அசையாத நீர்மட்டத்திலேயே எழுதிவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் கணக்கு நேர்கோட்டுக் கணக்காகிவிடும். விடை ஓர் எளிய கொசைன்:

நீர்மட்டம் = வீச்சு × கொசைன்(அலை எண் × தூரம் − கோண அதிர்வெண் × நேரம்)

இதில் அலை எண் என்பது 2பை-யை அலைநீளத்தால் வகுத்தது. கோண அதிர்வெண் என்பது 2பை-யை அலைக்காலத்தால் வகுத்தது. வீச்சு உயரத்தில் பாதி.

ஆழ்கடலில் துளிகள் அலையோடு ஓடுவதில்லை, வட்டம் போடுகின்றன. கீழே போகப் போக வட்டம் சுருங்கும். அலைநீளத்தில் பாதி ஆழத்தில் மேற்பரப்பு அசைவில் 4 சதவீதம்தான் மிச்சம். இந்தப் பாதி நீளக் கணக்கு பின்னால் நமக்கு ரொம்ப வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அலைநீளம் கண்டுபிடிப்பது

மேலே சொன்ன எல்லைகளைச் சேர்த்துத் தீர்த்தால் அலைக்காலத்தையும் அலைநீளத்தையும் கட்டிப்போடும் ஒரு சமன்பாடு கிடைக்கும். அதற்குப் பிரிகைச் சமன்பாடு என்று பெயர்:

கோண அதிர்வெண்ணின் வர்க்கம் = 9.81 × அலை எண் × டான்ஹெச்(அலை எண் × ஆழம்)

9.81 என்பது புவியீர்ப்பு முடுக்கம். டான்ஹெச் என்பது எக்செலில் TANH என்று இருக்கும் சார்பு; சிறிய எண்ணுக்கு அந்த எண்ணையே ஒட்டியும், பெரிய எண்ணுக்கு ஒன்றை ஒட்டியும் விடை தரும். இந்த ஒரு சமன்பாடு கையில் இருந்தால் கடலலையைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. மிகையாகச் சொல்லவில்லை, வரப்போகும் படிகளில் திரும்பத் திரும்ப இதற்குத்தான் வரப்போகிறோம்.

ஆழ்கடலில் டான்ஹெச் ஒன்றாகிவிடும். அப்போது:

அலைநீளம் = 1.56 × அலைக்காலத்தின் வர்க்கம்
முகட்டின் வேகம் = 1.56 × அலைக்காலம்

நீளம் மீட்டரில், வேகம் விநாடிக்கு மீட்டரில். 8 விநாடி அலைக்கு நீளம் 100 மீட்டர், வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். 18 விநாடி அலைக்கு நீளம் 506 மீட்டர், வேகம் மணிக்கு 101 கிலோமீட்டர். அலைக்காலம் இரண்டேகால் மடங்கு, நீளமோ ஐந்து மடங்கு.

இப்போது பாதி நீளக் கணக்கைக் கொண்டு வாருங்கள். 8 விநாடி அலை 50 மீட்டர் ஆழம் வரும் வரை தரையை உணராது. 18 விநாடி அலை 250 மீட்டர் ஆழத்திலேயே உணரத் தொடங்கிவிடும். கன்னியாகுமரிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வெட்ஜ் பேங்க் மீன்வளத் திட்டின் மேல் வரும்போதே கள்ளக்கடல் அலை தரையைத் தொட்டு வேகம் குறைந்து வளையத் தொடங்குகிறது. படகில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்றரை மீட்டர் ஏற்ற இறக்கம் என்றால் யாருக்குத் தெரியும்?

ஆழம் குறைந்த இடத்தில் அலை எண் டான்ஹெச்சுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பதால் நேராகத் தீர்க்க முடியாது. தாளில் இப்படிச் செய்யுங்கள். அலை எண்ணையும் ஆழத்தையும் பெருக்கி வருவதை ஆழ எண் என்று வைத்துக்கொள்வோம். கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தை ஆழத்தால் பெருக்கி 9.81-ஆல் வகுத்து வருவது இலக்கு. இலக்கை, அதன் டான்ஹெச்சின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஆழ எண்ணுக்கு நல்ல முதல் ஊகம் கிடைக்கும். பிறகு நியூட்டன் முறையில் ஒரு முறை திருத்துங்கள்:

புதிய ஆழ எண் = பழையது − (பழையது × டான்ஹெச் − இலக்கு) ÷ (டான்ஹெச் + பழையது × (1 − டான்ஹெச்சின் வர்க்கம்))

டான்ஹெச் என்று வரும் இடமெல்லாம் பழைய ஆழ எண்ணின் டான்ஹெச். 18 விநாடி அலை, 10 மீட்டர் ஆழம் என்று போட்டுப் பாருங்கள். இலக்கு 0.1242, முதல் ஊகம் 0.353, ஒரு திருத்தத்துக்குப் பிறகு 0.360. அலைநீளம் சுமார் 175 மீட்டர், வேகம் விநாடிக்கு 9.7 மீட்டர். ஆழ்கடலில் 506 மீட்டர் நீளமாக இருந்த அலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. உங்கள் தாளில் இதே விடை வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் டிகிரிக்கும் ரேடியனுக்கும் இடையே குழப்பம் இல்லையா என்று முதலில் பாருங்கள்.

படி 4: எப்போது வந்து சேரும்

இங்கே பலர் இடறுவார்கள். 18 விநாடி அலை மணிக்கு 101 கிலோமீட்டர் போகிறது, ஆகவே 6,000 கிலோமீட்டரை 60 மணி நேரத்தில் கடக்கும் என்று போட்டுவிடுவார்கள். தவறு. அந்த வேகம் முகட்டின் வேகம். ஆற்றல் போவது கூட்டத்தின் வேகத்தில். ஆழ்கடலில் அது முகட்டின் வேகத்தில் சரி பாதி.

குளத்தில் கல் எறிந்து உற்றுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வளையம் ஒரு கூட்டமாக விரியும். கூட்டத்தின் பின்பக்கம் புதிய முகடுகள் முளைத்து, கூட்டத்தின் ஊடே முன்னேறி, முன்பக்கம் போய் மறைந்துவிடும். முகடு ஓடுகிறது, கூட்டம் நடக்கிறது.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் 45 பாகைத் தென் அட்சரேகை அருகே ஒரு புயல் அடித்ததாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து குமரி முனைக்குத் தோராயமாக 6,000 கிலோமீட்டர். வழியில் நிலம் கிடையாது. கூட்டத்தின் வேகம் விநாடிக்கு 0.78 × அலைக்காலம் மீட்டர். கணக்கு இப்படி வரும்:

20 விநாடி அலை: மணிக்கு 56 கிலோமீட்டர், 4.4 நாள்
18 விநாடி அலை: மணிக்கு 51 கிலோமீட்டர், 4.9 நாள்
15 விநாடி அலை: மணிக்கு 42 கிலோமீட்டர், 5.9 நாள்
12 விநாடி அலை: மணிக்கு 34 கிலோமீட்டர், 7.4 நாள்

எல்லாம் ஒரே புயலில் ஒரே நேரத்தில் பிறந்தவைதான். நீளமானது முன்னால் வரும், குட்டையானது பின்னால் வரும். குட்டை அலைகள் வழியிலேயே பெருமளவு ஆற்றலை இழந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் கள்ளக்கடல் வரும்போது கடல் கலங்காமல் வழுவழுப்பாக இருக்கிறது. சொத்தவிளையில் நான் பார்த்தது ஐந்து நாளுக்கு முன் அடித்து ஓய்ந்த ஒரு புயலின் முன்வரிசை.

கணக்கைத் திருப்பியும் போடலாம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காலை 6 மணிக்கு அலைக்காலம் 20 விநாடி என்றும், மாலை 6 மணிக்கு 18 விநாடி என்றும் அளக்கிறீர்கள். அதிர்வெண், அதாவது ஒன்றை அலைக்காலத்தால் வகுத்தது, 0.0500-இலிருந்து 0.0556-ஆகக் கூடியிருக்கிறது, 43,200 விநாடியில் 0.00556 கூடுதல். 0.78-ஐ இந்த ஏற்ற வேகத்தால் வகுங்கள். சுமார் 6,070 கிலோமீட்டர் என்று வரும். கரையில் நின்றுகொண்டே புயல் எவ்வளவு தூரத்தில் பிறந்தது என்று சொல்லிவிட்டீர்கள். 1963-இல் அமெரிக்கக் கடலியலாளர் வால்ட்டர் மங்க்கும் அவரது குழுவினரும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் முழுக்க அளவு நிலையங்கள் வைத்து, அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் பிறந்த அலைகளை இதே கணிதத்தால்தான் பின்தொடர்ந்தார்கள். அவர்களுக்கு நுட்பமான அழுத்தமானிகள் இருந்தன. கையால் எண்ணினால் ஒரு விநாடி பிழையே தூரத்தை வெகுவாக மாற்றிவிடும். அதனால் பத்து அலையோடு நிற்காமல் ஐம்பது அலை எண்ணிச் சராசரி எடுங்கள்.

படி 5: கரை ஏறும்போது

அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வரும்போது கூட்டத்தின் வேகம் குறையும். பின்னால் வரும் ஆற்றல் முன்னால் இருப்பதை நெருக்கும். ஒரு நொடியில் கடக்கும் ஆற்றல் மாறாது என்றால், வேகம் குறைந்ததை ஈடுகட்ட உயரம் கூடித்தான் ஆக வேண்டும்:

புதிய உயரம் = ஆழ்கடல் உயரம் × (ஆழ்கடல் கூட்ட வேகம் ÷ இங்குள்ள கூட்ட வேகம்)-இன் வர்க்கமூலம்

இங்குள்ள கூட்ட வேகத்துக்கு முகட்டின் வேகத்தை ஒரு பின்னத்தால் பெருக்க வேண்டும். ஆழ எண்ணின் இரு மடங்கை, அந்த இரு மடங்கின் சைன்ஹெச்சால் (எக்செலில் SINH) வகுத்து, ஒன்றைக் கூட்டி, பாதியாக்கினால் அந்தப் பின்னம். ஆழ்கடலில் இது அரை, கரையோரம் கிட்டத்தட்ட ஒன்று.

ஆழ்கடலில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பக்கத்துக் காற்றில் பிறந்த 8 விநாடி அலை, மற்றது 18 விநாடிக் கள்ளக்கடல் அலை. 3 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது முதலாவது 1.7 மீட்டர் ஆகும். இரண்டாவது 2.4 மீட்டர் ஆகும். உயரம் ஆழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கைத் தொட்டால் அலை உடையும் என்பது பொதுவான விதி. 3 மீட்டர் ஆழத்துக்கு அது 2.34. நீண்ட அலை அங்கேயே உடைந்துகொண்டிருக்கிறது. குட்டை அலைக்கு இன்னும் வழி இருக்கிறது.

மணலில் எவ்வளவு உயரம் ஏறும் என்பதுதான் வலை காயப்போட்டவருக்கு வேண்டிய விடை. அமெரிக்க, டச்சுக் கடற்கரைகளில் அளந்து 2006-இல் ஸ்டாக்டன் குழுவினர் வெளியிட்ட சூத்திரம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி ஏற்றம், ஆழ்கடல் உயரத்தையும் ஆழ்கடல் அலைநீளத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்துக்கு ஒன்று சரிவுள்ள கரைக்கு அந்த வர்க்கமூலத்தை 0.092-ஆல் பெருக்கினால் போதும். 8 விநாடி அலைக்கு 1.1 மீட்டர். 18 விநாடி அலைக்கு 2.5 மீட்டர். ஓத ஏற்றமும் அதே நேரம் சேர்ந்துகொண்டால் அதற்கு மேலும்.

இரண்டுக்கும் அறிக்கையில் "அலை உயரம் 1.5 மீட்டர்" என்றுதான் இருக்கும். அலைக்காலத்தைச் சொல்லாத முன்னறிவிப்பு கரையில் இருப்பவருக்குப் பாதி முன்னறிவிப்பு என்று நான் உறுதியாகச் சொல்வேன். செய்தியில் உயரத்தை மட்டும் படிப்பவர்கள் அடுத்த எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அலை சாய்வாக வந்தால் வளைவதையும் சேர்க்க வேண்டும். ஒளி கண்ணாடிக்குள் வளைகிற அதே ஸ்நெல் விதிதான்: கோணத்தின் சைனை முகட்டின் வேகத்தால் வகுத்தால் வருவது மாறாது. கரைக்குச் செங்குத்தான திசையிலிருந்து 30 பாகை சாய்ந்து வரும் 18 விநாடி அலை, 10 மீட்டர் ஆழத்தில் 10 பாகைக்குத் திரும்பிவிடும். உயரம் 6 சதவீதம் குறையும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அலை கடைசியில் கரைக்கு நேராகவே வருவது இதனால்தான்.

படி 6: ஒழுங்கில்லாத கடலை எழுதுவது

இதுவரை ஒரே ஒரு சீரான அலை. உண்மையான கடல் அப்படி இல்லை. ஆயிரம் கொசைன் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுதான் கடல். ஆகவே எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று ஒரு வளைகோடு வரைகிறோம். அதுதான் அலை நிறமாலை.

வட அட்லாண்டிக்கின் வானிலைக் கப்பல்களில் கிடைத்த அளவுகளை வைத்து 1964-இல் பியர்சனும் மோஸ்கோவிட்ஸும் முழுதாக வளர்ந்த கடலுக்கு, அதாவது காற்று போதுமான தூரமும் நேரமும் அடித்து அலை இனி வளராத கடலுக்கு, ஒரு நிறமாலை தந்தார்கள்:

நிறமாலை = 0.0081 × 9.81-இன் வர்க்கம் ÷ கோண அதிர்வெண்ணின் ஐந்தாம் அடுக்கு × எக்ஸ்போ(−1.25 × (உச்ச அதிர்வெண் ÷ அதிர்வெண்)-இன் நான்காம் அடுக்கு)

எக்ஸ்போ என்பது எக்செலின் EXP. உச்ச அதிர்வெண் என்பது ஆற்றல் மிகுதியாக இருக்கும் கோண அதிர்வெண்; அதற்குரிய காலம் உச்ச அலைக்காலம். இந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பின் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் வருவது குறிப்பிடத்தக்க அலை உயரம். அறிக்கைகளில் "அலை உயரம்" என்று வருவது இதுதான். தோராயமாக, உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. பரப்பைக் கணக்கிட்டால், முழுதாக வளர்ந்த கடலில் இந்த உயரம் 0.04 × உச்ச அலைக்காலத்தின் வர்க்கம் என்று வரும். நம் 18 விநாடியைப் போடுங்கள்: 13 மீட்டர். அதற்கு வேண்டிய காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில். சொத்தவிளையில் வழுவழுப்பாக வந்து வலையை நனைத்த அலை, பிறந்த இடத்தில் நான்கு மாடி உயரம் இருந்திருக்கலாம்.

ஆனால் எல்லாக் கடலும் முழுதாக வளர்வதில்லை. காற்று ஓடுவதற்குத் தூரம் குறைவாக இருந்தால் நிறமாலை இன்னும் கூர்மையாக இருக்கும். ஜெர்மனியின் சில்ட் தீவுக்கு மேற்கே வடகடலில் 1968, 1969 ஆண்டுகளில் பல நாடுகள் சேர்ந்து இதை அளந்து, 1973-இல் முடிவு வெளியிட்டன. அந்த அளவுத் திட்டத்தின் பெயரால் வழங்கும் ஜான்ஸ்வாப் நிறமாலை, பியர்சன் வளைகோட்டின் உச்சியை ஒரு காரணியால் தூக்கிவிடுகிறது. சராசரி மதிப்பு 3.3. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கிளாவுஸ் ஹாசல்மன், பின்னாளில் 2021-இல் இயற்பியல் நோபல் பெற்றார்.

பைத்தானில் ஒரு கடலைச் செய்து பார்க்கலாம். கோண அதிர்வெண் 0.2 முதல் 2.2 வரை 200 பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் வீச்சு என்பது 2 × நிறமாலை × பட்டையின் அகலம், அதற்கு வர்க்கமூலம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2பை வரை ஏதோ ஒரு தொடக்கக் கட்டத்தைத் தற்போக்காகக் கொடுங்கள். எல்லாக் கொசைன்களையும் கூட்டினால் கடல் தயார். வேண்டிய உயரம் வரவில்லையென்றால், வேண்டியதை வந்ததால் வகுத்து வர்க்கமாக்கி நிறமாலை முழுவதையும் அதனால் பெருக்குங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. பட்டைகள் சம அகலத்தில் 0.01 என்று இருந்தால் உங்கள் கடல் 628 விநாடிக்கு ஒரு முறை அச்சு மாறாமல் திரும்பி வரும். நான் முதன்முதலில் ஒரு மணி நேரக் கடல் செய்துவிட்டு, அதே பெரிய அலை ஆறு முறை வந்ததைப் பார்த்துப் பிழை எங்கே என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் அதிர்வெண்ணைச் சற்றுத் தள்ளித் தற்போக்காக எடுத்தால் இது போய்விடும்.

கிடைத்த தொடரில் திட்டவிலக்கத்தை நான்கால் பெருக்கி, நீங்கள் கேட்ட உயரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு அலைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். உயரங்கள் ராலே பரவலைப் பின்பற்றும்: குறிப்பிடத்தக்க உயரத்தைப் போல இரு மடங்கைத் தாண்டும் அலை மூவாயிரத்தில் ஒன்று. ஆயிரம் அலைகளில் மிகப் பெரியது 1.86 மடங்கு அளவில் இருக்கும். 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் எரிவாயு மேடையில் பதிவான அலை 25.6 மீட்டர், அப்போது குறிப்பிடத்தக்க உயரம் 12 மீட்டர் அளவில்தான். இரு மடங்கைத் தாண்டிய அந்த அலைதான், மாலுமிகள் வெகுகாலம் சொல்லிவந்ததைக் கருவியில் பதிய வைத்தது.

படி 7: பெரிய மாதிரிக்கு மாறுவது

இந்தியப் பெருங்கடல் முழுக்க ஒவ்வொரு முகட்டையும் பின்தொடர எந்தக் கணினியாலும் முடியாது, தேவையும் இல்லை. முகடுகளை விட்டுவிட்டு நிறமாலையின் ஆற்றலை மட்டும் பின்தொடர்கிறார்கள். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் திசைக்கும் வரவு செலவு எழுதுவதுதான் வேலை. வரவு: காற்று கொடுப்பது. செலவு: வெண்நுரையாக உடைவதும், கரையோரத்தில் தரை உராய்வும். நடுவில் ஒரு கைமாற்று: அலைகள் நான்கு நான்காகச் சேர்ந்து தங்களுக்குள் ஆற்றலை மாற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல நீண்ட அலைக்காலத்தின் பக்கம் தள்ளிவிடும். புயலில் 18 விநாடி அலை பிறப்பதற்கே இந்தக் கைமாற்று வேண்டும். 1962-இல் இதன் கணிதத்தை எழுதியவரும் ஹாசல்மன்தான்.

இதைச் செய்யும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெருங்கடலுக்கு அமெரிக்காவின் வேவ்வாட்ச் 3, கரையோரத்துக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்வான். முதலில் வேவ்வாட்ச் ஓட்டி, அதன் விளிம்பு நிறமாலையை ஸ்வானுக்கு ஊட்டுவது வழக்கமான முறை.

குமரிக் கரைக்கு ஓட்டுவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை சில. வரைபடத்தின் தென் எல்லை 60 பாகைத் தென் அட்சரேகை வரையாவது போக வேண்டும். அரபிக்கடலையும் வங்காள விரிகுடாவையும் மட்டும் போட்டு ஓட்டினால் கள்ளக்கடல் உங்கள் மாதிரியில் பிறக்கவே பிறக்காது. தாழ்ந்த அதிர்வெண்ணை 0.04 அளவில், அதாவது 25 விநாடியில், தொடங்குங்கள். நேரப் படியை ஆற்றல் ஒரே படியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடாதபடி வையுங்கள்: கால் பாகைக் கட்டம் நிலநடுக்கோட்டில் சுமார் 28 கிலோமீட்டர், ஆனால் 60 பாகைத் தெற்கில் கிழக்கு மேற்காகச் சுமார் 14 கிலோமீட்டர்தான்; 25 விநாடி அலையின் கூட்ட வேகம் விநாடிக்கு 19.5 மீட்டர், ஆகவே உச்ச வரம்பு 12 நிமிடம் அளவில். திசைகளை 10 பாகைக்கும் குறைவான இடைவெளியில் பிரியுங்கள். தாராளமாகப் பிரித்தால் தூரத்து அலை தனித்தனித் திட்டுகளாகச் சிதறி, தோட்டத்துத் தண்ணீர்த் தெளிப்பான் பீய்ச்சுவதுபோல வந்து சேரும். அது கடலில் நடப்பதல்ல, மாதிரியின் கோளாறு.

காற்றுத் தரவில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுதாக வளர்ந்த கடலில் உயரம் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றில் 10 சதவீதம் பிழை இருந்தால் உயரத்தில் 20 சதவீதம் பிழை வரும். அலை மாதிரியைக் குறைசொல்லும் முன் காற்றைப் பாருங்கள்.

படி 8: மிதவையோடு ஒப்பிடுவது

ஹைதராபாதில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், கரையோரத்தில் அலைமானி மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. கள்ளக்கடல் எச்சரிக்கை வருவதும் அங்கிருந்துதான். மிதவை அலையோடு ஏறி இறங்கும் முடுக்கத்தை அளந்து, அதிலிருந்து நிறமாலை தருகிறது.

ஒப்பிடும்போது உயரத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அலை உயரங்கள் நேராகக் கூடாது, வர்க்கமாகக் கூடும். உள்ளூர்க் காற்றலை 1.2 மீட்டர், தூரத்து அலை 0.9 மீட்டர் என்றால் மொத்தம் 2.1 இல்லை, 1.5 மீட்டர். இப்போது உங்கள் மாதிரி தூரத்து அலையை முழுக்கத் தவறவிட்டு, உள்ளூர்க் காற்றை மிகைப்படுத்தி, அதே 1.5 மீட்டரைத் தந்துவிடலாம். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று அழகாகக் கிடக்கும். கரையில் ஏறும் நீரோ வெகுவாக வித்தியாசப்படும்.

அதனால் நிறமாலையை 10 விநாடி அளவில் இரண்டாக வெட்டுங்கள். அதற்கு மேல் உள்ள பரப்பிலிருந்து தூரத்து அலையின் உயரம், கீழே உள்ளதிலிருந்து உள்ளூர் அலையின் உயரம். இரண்டையும் தனித்தனியே மிதவையோடு ஒப்பிட்டு, சராசரிப் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது, சிதறல் எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு உச்ச அலைக்காலத்தை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். தூரத்துப் புயலின் அலை வந்திருந்தால் அந்தக் கோடு திடீரென்று 20 விநாடிக்குத் தாவி, அடுத்த இரண்டு மூன்று நாளில் படிப்படியாக 14, 12 என்று இறங்கும். மாதிரியின் கோடு மிதவையின் கோட்டுக்கு ஆறு மணி நேரம் பிந்தித் தாவினால், படி 4-க்குப் போய் அந்த ஆறு மணி நேரத்தைக் கூட்ட வேகத்தால் பெருக்குங்கள். 20 விநாடி அலைக்குச் சுமார் 340 கிலோமீட்டர் வரும். உங்கள் காற்றுத் தரவு புயலை எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டிய தூரம் அது.